கழுத்துக்குப் பணம் கட்டுமுன் எந்தக் கோடு என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினாலும், கல்யாண மாதங்கள் வந்தாலும் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ‘கழுத்துச் சுருக்கம் நீக்கப்படும்’ என்ற பதாகைகள் முளைத்துவிடுகின்றன. புலனத்தில் வரும் விளம்பரங்களுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றிலும் ஒரே பேக்கேஜ், ஒரே விலை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் அதே சிகிச்சை, அறுபது வயது அம்மாவுக்கும் அதே சிகிச்சை. நாங்கள் தோல் பராமரிப்பு, தாதிமை, மருந்தகம் ஆகிய துறைகளில் வேலை செய்கிறவர்கள். கழுத்துச் சுருக்கம் என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது நான்கு வகை உண்டு. ஒன்றுக்குக் கேட்கும் சிகிச்சை இன்னொன்றுக்குக் கேட்காது. எந்த வகை என்று பார்க்காமலே கட்டும் பணம் வீண். சில சமயம் பணத்தோடு போவதில்லை, கழுத்தும் கறுத்துப்போகிறது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முகத்துக்குச் செய்வதையே கொஞ்சம் கீழே இறக்கிக் கழுத்துக்கும் செய்தால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. கழுத்துத் தோல் மெல்லியது. எண்ணெய்ச் சுரப்பிகளும் ரோமக்கால்களும் அங்கே குறைவு. லேசரோ, அமிலம் தடவும் பீலிங்கோ தோலின் மேல்பகுதியைச் சுட்டு உரிக்கும்போது, புதுத் தோல் அந்தச் சுரப்பிகளின், ரோமக்கால்களின் வேரிலிருந்துதான் கிளம்பி வந்து மூடுகிறது. முகத்தில் அவை நெருக்கமாக இருப்பதால் காயம் சீக்கிரம் ஆறும். கழுத்தில், அதிலும் காறை எலும்பை ஒட்டிய கீழ்ப்பகுதியில், ஆறுவது தாமதமாகும். தழும்பு விழும் வாய்ப்பும் அதிகம். முகத்துக்கு வைத்த அதே சக்தியைக் கழுத்துக்கும் வைக்கிற கைகளால்தான் பாதிக் கோளாறு வருகிறது.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில், சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, கையில் ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். தலை நேராக இருக்கட்டும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் குறுக்கே ஓடும் கோடுகள் தெரிகின்றனவா? அவை மடிப்புக் கோடுகள். பலருக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கும், உடலமைப்போடு வந்தவை. அடுத்து, பற்களைக் கடித்துக்கொண்டு ‘ஈ’ என்று வாயை இருபக்கமும் கீழ்நோக்கி இழுங்கள். தாடையிலிருந்து காறை எலும்பு நோக்கிக் கயிறுபோல் நெடுக்காக இரண்டு மூன்று பட்டைகள் எழும்பினால் அது தசை. பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய விரிப்புத் தசை, வயதாக ஆக இப்படிப் பிரிந்து நிற்கும். மூன்றாவதாக, மல்லாந்து படுத்துக்கொண்டு கண்ணாடியை மேலே பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்திருந்தபோது தெரிந்த தொங்கல் படுத்ததும் பின்னால் ஒதுங்கி மறைகிறதா? அப்படியானால் அது தோல் தளர்ச்சி. கடைசியாக, ஒரு மடிப்பை இரண்டு விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் தோல் வெளுப்பாகவும் மென்மையாகவும், வெளியே கறுத்துச் சொரசொரப்பாகவும் இருந்தால் அது வெயில் செய்த வேலை. நாடிக்கு நேர் கீழே நிழல் விழும் இடம் மட்டும் நல்ல தோலாக இருப்பதும் அதே அடையாளம்தான். செம்பனைக் குலை அறுக்கிறவர்கள் நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்களுடைய கழுத்தின் முன்பக்கத்தில் இந்த வித்தியாசம் கோடு போட்டதுபோல் தெரியும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குப் பிடரியில்.

பெரும்பாலோருக்கு இந்த நான்கில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். அதனால் முதல் கேள்வி, ‘எனக்கு எது அதிகம்?’ என்பது. சிகிச்சை செய்கிறவர் இதற்குப் பதில் சொல்லாமல் விலைப்பட்டியலை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்கிலும் சேராத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கழுத்தைச் சுற்றி, முக்கியமாகப் பிடரியிலும் பக்கங்களிலும், வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருப்பதை நம்மவர்கள் அழுக்கு என்றும் சுருக்கம் என்றும் நினைத்துத் தேய்க்கிறார்கள். அழகு நிலையங்களும் அதற்குப் பீலிங் போட்டுக் காசு வாங்குகின்றன. அது அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாகவே பெரும்பாலும் வரும். எந்தக் கிரீமும் அதை வேரோடு எடுக்காது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசிய நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் கூடுதல். ஆகவே இப்படிக் கழுத்து கறுத்தால் பார்லருக்கு முன் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வெள்ளிதான் கட்டணம். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 7.0 மில்லிமோலைத் தொட்டால் அது நீரிழிவுக் கணக்கு. எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வந்தால் கழுத்துக் கருமை தானே மங்கும். அதேபோல் கழுத்தின் முன்பக்கம் விழுங்கும்போது ஏறி இறங்கும் கட்டி இருந்தால் அது தொங்கு சதை அல்ல, தைராய்டாக இருக்கலாம். அதன்மேல் எந்தக் கருவியையும் வைக்கவிடாதீர்கள்.

இப்போது குறுக்குக் கோடுகளுக்கு வருவோம். தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி இவற்றுக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஏனென்றால் இது மடிப்பு, தசை இழுப்பதால் வந்ததல்ல. தோலில் இயல்பாகவே உள்ள ஹயலுரோனிக் அமிலத்தின் மெல்லிய ஜெல்லைக் கோட்டின் நெடுகிலும் தோலுக்குள் சிறுசிறு துளிகளாக வைப்பதே பலன் தரும் வழி. ஒரு புள்ளியில் வைக்கும் அளவு 0.01 முதல் 0.05 மில்லிலிட்டர்வரை, புள்ளிக்குப் புள்ளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஒரு மாத இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை நிற்கும். கோடு முழுவதும் மறையாது, ஆழம் குறையும். அழித்துவிடுவோம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் தவறு எங்கே நடக்கிறது? கன்னத்துக்கும் நாடிக்கும் போடும் கெட்டியான ஃபில்லரை, அதாவது பள்ளம் நிரப்பும் ஊசி மருந்தை, கழுத்தில் போட்டால் மெல்லிய தோலுக்கடியில் மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக நிற்கும். மிக மேலாக வைத்தால் சாம்பல் நீலமாகத் தெரியும். ஹயலுரோனிக் அமிலம் என்றால் ஹயலுரோனிடேஸ் என்ற மருந்தால் கரைத்துவிடலாம். அது கிளினிக்கில் கைவசம் இருக்கிறதா என்று ஊசி போடுமுன் கேளுங்கள். கால்சியம் கலந்த ஃபில்லரை நீர்த்துக் கழுத்துக்குப் போடுகிறவர்களும் உண்டு. அதைக் கரைக்க அந்த மருந்து உதவாது. ஊசி போட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தோல் வெளிறி, பிறகு வலைபோல் ஊதா நிறம் பரவி, தாங்க முடியாத வலி வந்தால் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள். அந்த நேரமே அந்த மருத்துவரை அழைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மருத்துவமனை அவசரப் பிரிவு.

நெடுக்குப் பட்டைகளுக்குத்தான் போட்டுலினம் டாக்சின். போட்டாக்ஸ், டிஸ்போர்ட் என்பவை இதன் வணிகப் பெயர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 அக்டோபரில் கழுத்துத் தசைப் பட்டைகளுக்குப் போட்டாக்ஸை அங்கீகரித்தது. பட்டையின் கடுமையைப் பொறுத்து மொத்தம் 26, 31 அல்லது 36 யூனிட் என்பது அதில் உள்ள அளவு. பட்டையை விரலால் பிடித்துத் தூக்கி, ஊசி முனையை மேலாகவே வைத்து, புள்ளி புள்ளியாகச் சில யூனிட்கள் போடுவார்கள். சில நாளில் தளர ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் பழையபடி வந்துவிடும்.

இங்கே யூனிட் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். போட்டாக்ஸ் குப்பியில் இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உலர்ந்த மருந்துப் படலம். அதில் உப்புநீர் விட்டுத்தான் கரைக்க வேண்டும். குப்பிக்குள் காற்று வெற்றிடம் இருப்பதால் ஊசியைக் குத்தியதும் உப்புநீர் தானே உள்ளே இழுபடும். இழுபடாத குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லிலிட்டர் உப்புநீர் விட்டால் 0.1 மில்லிலிட்டரில் 4 யூனிட் இருக்கும். அதே குப்பியில் 5 மில்லிலிட்டர் விட்டால் 2 யூனிட்தான். சிரிஞ்சைப் பார்த்தால் இரண்டும் ஒரே தண்ணீர். ஆகவே ‘ஒரு சிரிஞ்ச் இத்தனை வெள்ளி’ என்ற விலைக்கு அர்த்தமே இல்லை. எத்தனை யூனிட், எந்த மருந்து என்று கேளுங்கள். குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, நல்ல மருத்துவர் கேட்காமலே காட்டுவார். டிஸ்போர்ட் யூனிட்டும் போட்டாக்ஸ் யூனிட்டும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டின் விலையை ஒப்பிட முடியாது. கரைத்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். வாடிக்கையாளர் வீட்டு வரவேற்பறைக்குப் பையில் போட்டுக் கொண்டுவந்து குத்துகிறவர்களிடம் இந்தக் குளிர் எங்கிருந்து வரும்?

மருந்து அதிகமானாலோ ஆழமாகப் போனாலோ விழுங்குவதற்கான தசைகளுக்கும் பரவும். சோறு தொண்டையில் நிற்பது, குரல் கம்முவது, படுக்கையிலிருந்து எழும்போது தலையைத் தூக்க முடியாமல் இருப்பது ஆகியவை அதன் அடையாளம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். ஆனால் மூச்சுவிடச் சிரமம் வந்தால் 999-ஐ அழையுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மையஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்காக அதைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை எழுதிக் கொடுத்தவரைக் கேட்க வேண்டும்.

தளர்ச்சிக்கு ஊர் முழுக்க ஹைஃபூதான். ஒலி அலையைத் தோலுக்கடியில் ஒரு புள்ளியில் குவித்து 60, 70 டிகிரிவரை சூடாக்கி, அந்தச் சிறு காயத்தின்மேல் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொல்லாஜன் புதிதாக உருவாக வைப்பது இதன் தத்துவம். கருவியின் முனைகள் 1.5, 3.0, 4.5 மில்லிமீட்டர் என்று ஆழத்துக்கு ஏற்ப வேறுபடும். கொல்லாஜன் உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். அப்படியிருக்க, செய்த அன்றைக்கே எடுத்த ‘முன்–பின்’ படத்தில் கழுத்து இறுகித் தெரிவது எப்படி? அது வீக்கம். இரண்டாவது படத்தில் நாடி கொஞ்சம் தூக்கியிருக்கிறதா, விளக்கு முன்பக்கம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாடியை இரண்டு விரற்கடை தூக்கினாலே பாதிச் சுருக்கம் போய்விடும். தாடை ஓரத்தில் ஓடும் நரம்பின்மேல் தவறாகச் சுட்டால் கீழுதடு ஒருபக்கம் கோணும். குரல்வளைக்கும் தைராய்டுக்கும் நேர்மேலே, கழுத்தின் நடுவில், சுடக் கூடாது. ஆழம் மேலாகிப்போனால் தோலில் கம்பி வைத்ததுபோல் நேர்கோட்டில் தடிப்பும் தீப்புண்ணும் வரும். எந்தக் கருவி, மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

தளர்ச்சிக்கே ரேடியோ அலையால் சூடாக்கும் கருவி என்றால் கழுத்தில் உலோகம் இருக்கவே கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். உலோகம் இல்லாத மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வரலாம். படுத்த பிறகு ‘ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிக் கருவியை வைக்கிறவரிடம் இருக்காதீர்கள். தோல் மிகவும் தொங்கிப்போயிருந்தால் எந்தக் கருவியும் அதைத் தூக்காது. அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. அதற்குப் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்க வேண்டும். கருவிக்கு ஆறு தடவை பணம் வாங்கிய பிறகு இதைச் சொல்வது நியாயம் இல்லை.

வெயிலால் வந்த சொரசொரப்புக்கு லேசர், பீலிங், நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் மூன்றும் உண்டு. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இங்கேதான் ஆபத்து அதிகம். நம் தோலில் சிறு சூடு பட்டாலும், சிராய்ப்பு பட்டாலும், புண் ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். எல்லாரும் அறிந்ததுதான், கொசு கடித்த இடமே கறுக்கிறதே. வெள்ளைத் தோலுக்கென்று எழுதிய அளவில் கார்பன் டை ஆக்சைடு லேசரை வைத்தால் கழுத்து முழுக்கச் சதுரம் சதுரமாகக் கறுப்பு விழும். ஆகவே முதலில் காதுக்குப் பின்னாலோ தாடைக்கு அடியிலோ ஒரு சிறு இடத்தில் சோதித்து, நான்கு வாரம் காத்திருந்து பார்க்கச் சொல்லுங்கள். காயம் ஆறிய இடம் மேடுதட்டிக் கெலாய்டாகும் உடம்பு என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். கிளைக்கோலிக் அமிலப் பீலிங் என்றால் கழுத்துக்கு 20 முதல் 30 விழுக்காட்டில், ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில், சமையல் சோடா கலந்த நீரால் அமிலத்தை முறித்து எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்க முடியவில்லை என்றால் மணி பார்க்காமல் உடனே எடுக்க வேண்டும். வீட்டில் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ கிரீம் பூசுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இதைக் கேட்காமலே அமிலம் தடவுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தீப்புண்ணுக்குக் காரணம். மைக்ரோநீட்லிங்கில் கழுத்துக்கு 0.5 முதல் 1 மில்லிமீட்டர் ஆழம் போதும். நான்கு வார இடைவெளியில் மூன்று நான்கு முறை. இணையத்தில் 1.5 மில்லிமீட்டர் உருளை வாங்கி வீட்டில் உருட்டுவது வேண்டாம். அக்காவும் தங்கையும் ஒரே உருளையைப் பயன்படுத்துவது அதைவிட மோசம். அதில் இரத்தம் படுகிறது.

மரக்கச் செய்யும் கிரீமைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுத்தும் மார்பும் முழுக்கக் கனமாகப் பூசி, பிளாஸ்டிக் சுற்றி, மணிக்கணக்கில் உட்கார வைத்தால் அந்த மருந்து இரத்தத்தில் ஏறி மயக்கமும் வலிப்பும் வரலாம்.

எல்லாவற்றையும்விட மலிவானதும் பலன் உறுதியானதும் சன்ஸ்கிரீன். இதை நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் முகத்தில் மட்டும் ஒரு பொட்டு தடவிக்கொண்டு போகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி வேண்டும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். முகத்துக்குப் பூசி மிஞ்சியதைக் கழுத்தில் துடைக்காமல், கழுத்துக்கென்று தனியாக இரண்டு விரல் நீளம் எடுங்கள். முன்பக்கம், இரண்டு பக்கம், காதுக்குப் பின்னால், பிடரி என்று சுற்றி வாருங்கள். மடிப்பை விரித்துப் பூசுங்கள். இல்லாவிட்டால் வியர்வையோடு சேர்ந்து அங்கே வெள்ளைக் கோடாகத் திரளும். வெளியே இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூச வேண்டும். இரண்டு மணிக்கொருமுறை திரும்பப் பூச வேண்டும். தோட்ட வேலையில் இது நடக்காது என்று எங்களுக்கும் தெரியும். பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன் போய்ச் சேர்ந்தாலும் பாலெடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். கைகளில் பால் பிசின். அப்படிப்பட்டவர்கள் காலையில் ஒருமுறை பூசிவிட்டு, அதன்மேல் கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு கட்டிக்கொள்ளட்டும். நம் பாட்டிமார் தலைத்துணியைப் பிடரிவரை இறக்கிக் கட்டினார்களே, அது உண்மையிலேயே நல்ல வழி. கழுத்து கறுப்பதுதான் முக்கியக் கவலை என்றால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீனாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலைக் கறுக்க வைக்கும். அதை இது தடுக்கும்.

இரவில் ரெட்டினால். 0.1 முதல் 0.3 விழுக்காடுவரை உள்ளது போதும். பட்டாணி அளவு எடுத்து, வாரத்தில் இரண்டே இரவு. முதலில் ஈரப்பதக் கிரீம், அதன்மேல் ரெட்டினால், அதன்மேல் மறுபடி ஈரப்பதக் கிரீம். கழுத்து பழகிய பிறகு நாளைக் கூட்டுங்கள். மாற்றம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சிவந்து உரிந்தால் விட்டுவிடுங்கள். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று யாரோ சொன்னது பொய். கர்ப்பமானால், கர்ப்பத்துக்கு முயற்சி செய்தாலும், இதை நிறுத்த வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றைக் கழுத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் இறங்காதீர்கள். அதில் உள்ள பொருளும் வெயிலும் சேர்ந்தால் கொப்புளம் வந்து, சாறு வழிந்த வழியெல்லாம் கறுப்புக் கோடாகிவிடும். சென்ட்டைக் கழுத்தில் அடிப்பதும் சிலருக்கு இதே கதைதான்; உடுப்பில் அடித்துக்கொள்ளுங்கள். இரவுச் சந்தையில் பெயரில்லாத டப்பாவில் விற்கும் வெளுக்கும் கிரீமைத் தொடவே வேண்டாம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பெட்டாமெத்தசோன் கலந்த அழகுப் பொருள்களை என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை நிறுவனம் தொடர்ந்து ரத்து செய்து அறிவிக்கிறது. பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முதல் மாதம் கழுத்தைப் பளபளப்பாக்கும். பிறகு தோல் காகிதம்போல் மெலிந்து, நரம்பு தெரிந்து, சுருக்கம் முன்பைவிடக் கூடும். முறையான அழகுப் பொருளில் ‘நோட்’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் எண் இருக்கும். அதை என்பிஆர்ஏ-வின் குவெஸ்ட் 3 பிளஸ் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பொருளின் பெயரும் எண்ணும் பொருந்த வேண்டும். வேறு பொருளின் எண்ணை ஒட்டியிருப்பதும் நடக்கிறது.

ஊசியும் லேசரும் அழகு நிலையத்தில் செய்யக் கூடியவை அல்ல. பதிவு பெற்ற மருத்துவர் செய்ய வேண்டும். அவரிடம் அழகியல் சிகிச்சைக்காகச் சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்சிபி என்ற சான்றிதழ் இருக்க வேண்டும். மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் மெரிட்ஸ் தளத்தில் தேடினால் அந்த ஆண்டுக்கான பணிச் சான்றிதழ் இருக்கிறதா என்று தெரியும். பதிவில்லாமல் கிளினிக் நடத்துகிற தனிநபருக்கு 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி மூன்று லட்சம் வெள்ளிவரை அபராதமோ, ஆறு ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஏற்கெனவே கழுத்து கறுத்துப் புண்ணாகிப் போனவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சுகாதாரக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். தடவிய கிரீமின் டப்பாவையும் சிகிச்சைக்குக் கொடுத்த ரசீதையும் கையோடு எடுத்துப்போங்கள். என்ன தடவினார்கள் என்று தெரிந்தால்தான் அவர்களால் சரியாக மருந்து கொடுக்க முடியும்.

தீபாவளிக்கென்றே செய்துகொள்கிறவர்களுக்கு நாள் கணக்கு இதுதான்: ரெட்டினாலும் ஹைஃபூவும் மூன்று மாதம் முன்பே. லேசரும் பீலிங்கும் கடைசி எட்டு வாரத்தில் வேண்டாம். ஹயலுரோனிக் அமில ஊசியின் கடைசித் தவணை நான்கு வாரம் முன்பு. காயம், வீக்கம் வடிய நேரம் வேண்டும். போட்டுலினம் ஊசி இரண்டிலிருந்து நான்கு வாரம் முன்பு. முதல் நாள் வந்து ‘நாளைக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும்’ என்று கேட்டால், நல்ல ஈரப்பதக் கிரீமைத் தவிர நாங்கள் எதையும் கொடுக்க மாட்டோம்.

ஆசிரியர் அவர்களுக்கு எங்கள் கோரிக்கை ஒன்று உண்டு. மருத்துவச் சேவை விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவற்றில் கேகேஎல்ஐயு என்று தொடங்கும் எண் அச்சாகியிருக்கும். உங்கள் ஞாயிறு இதழிலும் பண்டிகைச் சிறப்பிதழிலும் கழுத்துச் சுருக்க விளம்பரம் வரும்போது, அந்த எண் இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள். எண் இருந்தால் அதைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடச் சொல்லுங்கள். எங்கள் பகுதித் தோட்டங்களில் கண் மங்கிய தாய்மார்கள் பலர் பத்திரிகையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். பத்திரிகையில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள்.

இப்படிக்கு,
தோல் பராமரிப்பு, தாதிமை, மருந்தகப் பணியாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.